குடிலும் தொட்டிலும்

பண்டிகை நாளிலாவது மனிதரைச் சற்று மகிழ்ச்சியோடு இருக்க விடலாகாதா என்று கேட்கின்றனர் சிலர். இக்கேள்வி இங்கிலாந்தின் பிபிசி நிறுவனத்தை நோக்கி எழுப்பப்படுவது. ஆயினும் கேட்பவர்களுள் நம்மவரும் கலந்திருப்பதால், விடை கூறும் கடமை நமக்கும் உண்டு.

செய்தி இதுதான். 'கால் தி மிட்வைஃப்' என்று ஒரு தொலைக்காட்சித் தொடர். 'மருத்துவச்சியைக் கூப்பிடு' என்று நம் மொழியில் சொல்லலாம். 2012-ஆம் ஆண்டு சனவரியில் தொடங்கியது. 1950-களின் இலண்டனில், பாப்ளர் என்னும் கிழக்குப் பகுதியில், கப்பல்துறைக் கூலியாட்கள் நெருக்கியடித்து வாழ்ந்த சந்துகளுக்குள் மிதிவண்டியில் சென்று பேறுகாலம் பார்த்த இளம் செவிலியரைப் பற்றியும், அவர்களோடு ஒரே இல்லத்தில் வாழ்ந்து அதே பணியைச் செய்த ஆங்கிலிக்கன் சபைத் துறவியரைப் பற்றியும் கூறுவது. ஜெனிஃபர் வொர்த் என்னும் செவிலியர் 2002-இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளே இதற்கு மூலம். அவற்றைத் திரைக்கு எழுதியவர் ஹெய்டி தாமஸ். நூலாசிரியர் தொடரைத் திரையில் காணவில்லை; 2011-இல் மறைந்துவிட்டார். முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் பார்த்தனர். அவ்வாண்டு திசம்பர் 25 அன்று ஒரு சிறப்பு நிகழ்ச்சியை ஒளிபரப்பினர். அன்றுதொட்டு ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்பு விழாவன்று இரவு ஒரு சிறப்புக் கதை வருவது வழக்கமாகிவிட்டது. அந்நாட்டு மருத்துவமனைகளில் பணிபுரியும் நம் ஊர்ச் செவிலியர் வழியாகவும், மகன் மகளைப் பார்க்கச் சென்று திரும்பும் பெற்றோர் வழியாகவும் இதன் புகழ் கொங்கு நாட்டுப் பங்குகள் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

2012-இன் அந்த முதல் சிறப்பு நிகழ்ச்சியையே எடுத்துக்கொள்வோம். துறவியர் இல்லத்தின் படிக்கட்டில் பிறந்த சில மணி நேரமே ஆன குழந்தை ஒன்று கிடக்கிறது. அதைப் பெற்றவள் பள்ளி செல்லும் வயதுச் சிறுமி. வயிற்றில் பிள்ளை இருப்பதை வீட்டாருக்கும் மறைத்து, துணை ஒருவருமின்றித் தனியே பெற்றெடுத்தவள். குழந்தை கிடைத்துவிட்டது, தாய் எங்கே, உயிரோடு இருக்கிறாளா என்பதே செவிலியரின் கவலை. இது ஒரு புறம். மறு புறம், தெருவில் அலையும் கிழவி ஒருத்தி. எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் வாசலில் வந்து நின்று 'குழந்தை எப்படி?' என்று கேட்பவள். அழுக்கும் நாற்றமுமாக இருக்கும் அவளைச் செவிலியர் குளிப்பாட்டுகின்றனர். பிறகுதான் தெரியவருகிறது, அவள் இளமையில் தன் பிள்ளைகளோடு ஏழையர் விடுதியில் அடைபட்டிருந்தவள் என்பது. 1834-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பெருகிய அவ்விடுதிகளில் தாயையும் பிள்ளைகளையும் தனித்தனியே பிரித்து வைப்பார்கள். அவள் பிள்ளைகள் அங்கேயே ஒவ்வொன்றாய் மாண்டு, பெயரில்லாப் பொதுக் குழியில் புதைக்கப்பட்டனர். அவ்விடத்தைத் தேடிக் கண்டு அவளை அங்கே அழைத்துச் செல்கிறாள் இளம் செவிலி.

விழா விருந்து உண்டு, பரிசுப் பொட்டலங்களைப் பிரித்து முடித்த இரவில் இதைப் பார்த்தால் எப்படியிருக்கும்? அழுகைதான் வரும். அவ்வாறு அழுதவர்களுள் ஒரு சாரார் சினங்கொண்டனர். மரப்பந்தும் மெழுகுவர்த்தியும் பாடகர் குழுவும் காட்ட வேண்டிய நாளில் நஞ்சுக்கொடியையும் கல்லறைக் குழியையும் காட்டுவதா என்பது அவர்கள் வாதம்.

இவ்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. காரணம் மிக எளிது. திரு அவையின் நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். திசம்பர் 25-இல் மீட்பர் பிறக்கிறார். 26-இல் கல்லெறிபட்டுச் சாகிறார் புனித ஸ்தேவான். 28-இல் மாசில்லாக் குழந்தைகள் விழா. ஏரோதின் வாளுக்கு இரையான பெத்லகேம் பச்சிளம் சிசுக்களின் நினைவு. இராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், ஆறுதல் பெற மறுக்கிறாள் என்று மத்தேயு எழுதி வைத்ததைக் குடிலின் விளக்கு அணையும் முன்பே நாம் வாசிக்கக் கேட்கிறோம். பிறப்பின் மகிழ்ச்சியையும் சிசுக்களின் குருதியையும் நான்கே நாளுக்குள் அடக்கி வைத்தவர்கள் தொலைக்காட்சிக்காரர்கள் அல்லர். பண்டிகை நாளில் துயரம் வேண்டாம் என்பவர், முதலில் அந்தப் பண்டிகையோடு வழக்காட வேண்டியிருக்கும்.

பிள்ளைப்பேறு என்பது வலியும் குருதியும் வெந்நீரும் கலந்தது என்பதை நாமே மறந்துபோனோம் என்பது வேறு. நம் குடிலில் கிடக்கும் குழந்தை பிறந்த அன்றே ஆறு மாதப் பிள்ளை போல் தலை நிமிர்ந்து, சுருள்முடியோடு, கையை விரித்துச் சிரிக்கிறது. மாவால் செய்த பொம்மைக்குத் தொப்புள்கொடி எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போலும். முற்காலத்தார் இப்படி இல்லை. இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த 'யாக்கோபின் முதல் நற்செய்தி' விவிலியத்தில் சேர்க்கப்படாத நூல்தான். எனினும் அதில் யோசேப்பு மருத்துவச்சியைத் தேடிப் போகிறார். கீழைத் திருச்சபையின் பிறப்பு ஓவியங்களில் இன்றளவும் இரு பெண்கள் குழந்தையைக் குளிப்பாட்டுகின்றனர். புனித எரோணிமுஸ் இதனை ஒப்பவில்லை. எல்விதியுஸுக்கு மறுப்பு எழுதியபோது, அங்கே மருத்துவச்சி எவளும் இல்லை, தாயே தன் மகனைத் துணியில் பொதிந்தாள் என்று அவர் கண்டித்துச் சொன்னார். மறைவல்லுநரோடு வழக்காட நாம் வரவில்லை. மேலை நாட்டு ஓவியங்களிலிருந்து அந்தப் பெண்கள் காலப்போக்கில் மறைந்துபோனார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம்.

எனினும் நமக்கு உண்மையில் மனக்குறை தருபவர்கள் சினந்துகொண்ட இந்த அன்பர்கள் அல்லர். அவர்களாவது நெஞ்சில் தைத்ததால்தான் கத்தினார்கள். மனக்குறை, உருகிப்போனவர்கள் மீது. 'எவ்வளவு அழகான காலம்! எவ்வளவு தூய தொண்டு! கைக்குட்டை நனைந்துவிட்டது' என்று சொல்லிப் பெருமூச்சுவிட்டு, நிறைவோடு உறங்கப்போகும் பார்வையாளர்கள் அவர்கள். கண்ணீர் விட்டதையே ஒரு புண்ணியமாகக் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்னர், ஐயாயிரம் மைலுக்கு அப்பால், படிக்கட்டில் கிடந்த குழந்தைக்கு அழுவதில் ஒரு வசதி இருக்கிறது. அந்தக் குழந்தை நம் வாசலில் கிடக்கவில்லை.

நம் வாசலில் கிடக்கவில்லையா?

1992-ஆம் ஆண்டு. சேலம். அன்றைய முதலமைச்சர் செயலலிதாவின் அரசு 'தொட்டில் குழந்தைத் திட்டம்' என ஒன்றைத் தொடங்கியது. பெண் குழந்தை வேண்டாம் என்று நினைப்பவர்கள் அதைக் கொல்ல வேண்டாம், இங்கே விட்டுச் செல்லுங்கள், பெயர் கேட்க மாட்டோம் என்று சொல்லித் தொட்டில்களை வைத்தது. உலகில் எந்த அரசும் தன் மக்களைப் பார்த்து எளிதில் சொல்லக்கூடிய சொல்லன்று அது. அதற்கு முந்தைய ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்கு உட்பட்டோருள் ஆயிரம் ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு முழுவதற்குமாக 948 பெண் பிள்ளைகள் இருந்தனர். நாமக்கல்லையும் உள்ளடக்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில் ஏறத்தாழ 850 பேர்தான். குறைந்துபோன அந்தப் பெண் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பதற்குக் கள்ளிப்பால் என்னும் ஒரே சொல் போதும். கொங்கு நாட்டில் அதற்கு உரை எழுத வேண்டியதில்லை. நிலம் துண்டுபட்டுவிடும் என்னும் அச்சம் உடையவர்களிடத்தில், சீர் செய்து மாளாது என்னும் அச்சமும் இல்லாதவர்களிடத்தில் நாளைய கஞ்சிக்கு என்ன என்னும் அச்சமும் அதே வேலையைச் செய்தன. எந்தச் சாதி, எந்த மதம் என்று விரல் நீட்டத் தொடங்குவோர், விரலை எந்தப் பக்கம் நீட்டுவது என்று தெரியாமல் திகைப்பர்.

தொட்டில் வைத்தது சரியா என்று அன்றே வாதம் எழுந்தது. பெற்றவர் தம் பொறுப்பைத் தட்டிக் கழிக்க அரசே வழி செய்கிறது என்றனர் சிலர். உயிர் பிழைக்குமாயின் அதுவே போதும் என்றனர் வேறு சிலர். இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. நம் சார்பு உயிரின் பக்கமே. திட்டம் பின்னர் தருமபுரி, மதுரை, தேனி, திண்டுக்கல் என்று விரிந்தது. இதற்கிடையில், பிறந்தபின் கொல்வதற்குப் பதிலாகப் பிறக்கும் முன்பே பார்த்துக் கலைக்கும் வசதி வந்துவிட்டது; அதைத் தடுக்க 1994-இல் ஒரு சட்டமும் வந்தது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எண்ணிக்கை 943. இருபது ஆண்டுகளில் ஐந்து குறைந்திருக்கிறது என்பதே கணக்கு. இலண்டன் படிக்கட்டில் கிடந்த குழந்தையை நினைத்துக் கைக்குட்டை நனைத்தவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்து என்ன நனைப்பார்கள்?

பண்டிகை நாளில் இத்தகைய கதையைத் தாங்க நம் மக்களுக்கு வலுவில்லை என்றும் யாரும் சொல்ல வேண்டாம். 1994-ஆம் ஆண்டுத் தீபாவளியை ஒட்டி வெளிவந்தது பாரதிராசாவின் 'கருத்தம்மா'. பெண் சிசுக்கொலையே கதை. அதில் கொல்லப்படாமல் தப்பிய பெண் குழந்தை வளர்ந்து மருத்துவராகித் தன் சொந்த ஊருக்கே வருகிறாள். புத்தாடையும் பலகாரமுமாக இருந்த நாட்களில் தமிழர் திரையரங்கு சென்று அதைப் பார்த்தனர். குடும்பநலம் குறித்த சிறந்த படம் என்று தேசிய விருதும் கிடைத்தது. அந்தப் படம் நம்மை நோக்கியது என்பதால்தான் அதன் கண்ணீரில் உப்பு இருந்தது.

இனி, 'அழகான காலம்' என்னும் பெருமூச்சைப் பற்றி ஒரு சொல். வீட்டிலேயே பேறுகாலம், பக்கத்து வீட்டுப் பெண்களின் துணை, மிதிவண்டியில் வரும் செவிலி என்று பார்த்தவுடன், இன்றைய மருத்துவமனையின் குளிர் அறையை வைது, பழங்காலத்துக்கு ஏங்குகிறார்கள் சிலர். பழங்காலத்தில் தாய்மார் எத்தனை பேர் பேற்றிலேயே மாண்டார்கள் என்பதை நம் பாட்டிமாரைக் கேட்டால் சொல்வார்கள். அல்லது, சொல்ல வேண்டிய பாட்டி இல்லாத வீடுகளைக் கேட்கலாம். 2018 முதல் 2020 வரைக்குமான கணக்கில், இந்தியாவில் இலட்சம் பேறுகளுக்கு 97 தாய்மார் இறக்க, தமிழ்நாட்டில் 54 பேர் இறந்தனர். அந்த வேறுபாட்டை உண்டாக்கியவர்களுள் முதன்மையானவர் யார்? துணைச் சுகாதார நிலையத்திலிருந்து, தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு காலத்தில் நடந்தும் பின்னர் இருசக்கர வண்டியிலும் தோட்டத்துச் சாளைகள்தோறும் ஏறி இறங்கிய கிராம சுகாதாரச் செவிலியர். பாப்ளரின் மிதிவண்டிச் செவிலியைப் பாராட்டும் நம்மவருள் எத்தனை பேருக்குத் தம் ஊர்ச் செவிலியின் பெயர் தெரியும்?

அதே வேளையில், மருத்துவமனையைக் குறை சொல்வோரின் பக்கத்தில் ஓர் உண்மை இல்லாமலில்லை. அத்தொடரில் வரும் துறவியர் இல்லத்துக்குப் புனித இரேமண்ட் நொன்னாத்துஸின் பெயர். 13-ஆம் நூற்றாண்டுக் கத்தலோனியப் புனிதர். கருவுற்ற பெண்களுக்கும் மருத்துவச்சியருக்கும் பாதுகாவலர். நொன்னாத்துஸ் என்றால் 'பிறவாதவர்' என்று பொருள். தாய் இறந்தபின் வயிற்றைக் கீறி எடுக்கப்பட்டவர் என்பதால் வந்த பெயர். 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேர் அறுவையினால் பிறக்கின்றனர். தனியார் மருத்துவமனைகளில் அறுபதுக்கும் மேல். நம் தலைமுறையில் நொன்னாத்துஸ்கள் பெருகிவிட்டனர். நல்ல நேரம் பார்த்துக் கீறுகின்ற வழக்கத்தைக் கேட்டால் புனிதர் என்ன நினைப்பாரோ!

மருத்துவச்சி என்னும் சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத் தொடரின் தலைப்பிலேயே அச்சொல் இருக்கிறது. பார்த்தவர் எவரும் அதைப் பற்றி நின்று நினைத்ததாகத் தெரியவில்லை. தமிழில் மருத்துவன் என்பதன் பெண்பால் மருத்துவச்சி. மருத்துவனுக்கு எல்லா நோயும் உரியது. மருத்துவச்சிக்கோ பேறுகாலம் ஒன்றே என்று வழக்கு ஒதுக்கிவிட்டது. நம் ஊர்ப்புறங்களில் இப்பணியைச் செய்தவர்கள் பெரும்பாலும் நாவிதர் குலப் பெண்கள். நள்ளிரவில் ஆள் வந்து கூப்பிட்டால் தன் பிள்ளையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். எண்ணெயும் வெந்நீரும் கைப்பழக்கமுமே கருவி. தலை திரும்பாத பிள்ளையைக் கையால் தடவித் திருப்பியவர்கள் உண்டு. பிள்ளை பிழைத்தால் அது குலதெய்வத்தின் அருள். தாய் இறந்தால் மருத்துவச்சியின் கைக்குற்றம். கூலி, அறுவடைக் களத்தில் அளந்து போடும் தானியம். வீட்டுக்குள் நுழைந்து முதன்முதலில் அந்த வீட்டு வாரிசைக் கையில் ஏந்தியவள், மறு மாதம் அதே வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே நிற்க வேண்டும். பாப்ளரின் செவிலியருக்குத் தேநீர்க் கோப்பையும் நாற்காலியும் கிடைத்தன. நம் மருத்துவச்சிக்குக் கிடைத்தது எந்தக் குவளை என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

விடுதலைப் பயண நூலின் முதல் அதிகாரத்தில் சிப்ரா, பூவா என்று இரு மருத்துவப் பெண்கள் வருகின்றனர். எபிரேயருக்குப் பிறக்கும் ஆண் பிள்ளைகளைக் கொன்றுவிடுங்கள் என்று எகிப்தின் மன்னன் ஆணையிடுகிறான், அவர்கள் கொல்லவில்லை. விவிலியம் அந்த மன்னனின் பெயரைச் சொல்லவில்லை. மருத்துவப் பெண்களின் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறது. நம் ஊர் வரலாறுகளோ மாறாக, ஊருக்குப் பெரியவர் யார், கோயில் கட்டியவர் யார், மணி வாங்கிக் கொடுத்தவர் யார் என்பதைக் கல்லில் வெட்டி வைத்திருக்கின்றன. ஊரையே கையில் வாங்கியவள் எந்தக் கல்லிலும் இல்லை.

கடைசியாக, நம் சொந்த வீட்டுப் பெருமையையும் சற்றுத் தட்டிப் பார்க்க வேண்டும். 'இதில் என்ன அதிசயம், நம் அருட்சகோதரியர் இதைத்தானே செய்தார்கள்' என்று மார்தட்டுகின்றனர் கத்தோலிக்கப் பார்வையாளர் சிலர். செய்தார்கள், ஆனால் எப்போது? தொடரில் வரும் துறவியர்க்கு முன்மாதிரியான புனித யோவான் துறவுக் குழு 1848-இல் இலண்டனில் செவிலியரைப் பயிற்றுவிக்கத் தொடங்கியது. 1854-இல் கிரிமியப் போருக்கு நைட்டிங்கேலோடு சென்றவர்களுள் அதன் செவிலியரும் இருந்தனர். நம் பக்கத்திலோ, வார்த்தைப்பாடு எடுத்த பெண்கள் மருத்துவம் புரிவதும், அதிலும் பேறுகாலம் பார்ப்பதும் தகாது என்னும் விதி நெடுங்காலம் நிலவியது. 1877 சனவரி 6 அன்று, கோவை மறைப்பணித் தளத்துக்கு உட்பட்டிருந்த உதகமண்டலத்தில் வேர்விட்டு, ஒன்பதாம் பத்திநாதரின் ஒப்புதல் பெற்றுப் பிறந்தது மரியாவின் பிரான்சிஸ்கன் மறைப்பணியாளர் சபை. உலகெங்கும் பரவிய ஒரு சபை நம் மலையிலிருந்து புறப்பட்டது என்பது பெருமைதான். ஆனால் அந்நாளில் ஒரு துறவி மருந்தகம் நடத்தலாம், புண்ணைக் கழுவலாம். பேறுகால அறைக்குள் நுழைவதற்கு விதி இடம் தரவில்லை. ஆண் மருத்துவரையும் உள்ளே விடாத வீடுகளில், அந்த விதியின் விலையைக் கொடுத்தவர்கள் தாய்மார்.

மெல்பர்னில் மருத்துவம் பயின்ற மேரி குளோரி 1920-இல், அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூருக்கு வந்து துறவு பூண்டார். துறவியாகவும் மருத்துவராகவும் இருக்க அவருக்குத் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்டின் தனி அனுமதி வேண்டியிருந்தது. வந்தவர் ஆயிரக்கணக்கில் நோயாளரைப் பார்த்ததோடு, உள்ளூர்ப் பெண்களையும் மருத்துவச்சியராய்ப் பயிற்றுவித்தார். 1943-இல் கத்தோலிக்க மருத்துவமனைகளை ஒன்றிணைக்கும் சங்கத்தையும் தொடங்கினார். பொது அனுமதி வந்ததோ 1936 பிப்ரவரி 11 அன்று, உரோமையின் மறைபரப்புப் பேராயம் வெளியிட்ட அறிவுரையின் மூலம். அதாவது கிழக்கு இலண்டனின் ஆங்கிலிக்கன் சகோதரியர் மடித்த கையோடு பேறுகால அறைகளில் நின்றுகொண்டிருந்த பல பத்தாண்டுகள், நம் சகோதரியர் விதியின் வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். இதைச் சொல்வதால் அவர்கள் தொண்டு சிறுத்துவிடாது. அந்த விதியை மாற்றக் கேட்டுக் கேட்டு நின்ற பெண்களின் பொறுமை அதற்குள் அடங்கியிருக்கிறது. அதையும் சேர்த்துப் பெருமைப்படுவோம்.

2016-ஆம் ஆண்டுச் சிறப்பு நிகழ்ச்சியில் பாப்ளர் குழுவினர் தென்னாப்பிரிக்காவிலுள்ள ஒரு மறைப்பணி மருத்துவமனைக்குச் சென்று உதவுகின்றனர். மறைப்பணி நாட்டிலேயே பிறந்து வளர்ந்த நமக்கு அதைப் பார்க்கையில் ஒரு சிறு நெருடல் எழ வேண்டும். வந்தவர்கள் திரும்பிச் சென்ற பின்னும் அந்த மருத்துவமனையில் இரவும் பகலும் நின்றிருக்கப்போகும் உள்ளூர்ப் பெண்களைப் பற்றியும் நம் பார்வையாளர்கள் கேட்டிருக்கலாம். அவர்களுள் ஒருத்தி நம் அத்தையாகக்கூட இருந்திருப்பாளே.

இன்னும் சில வாரங்களில் பங்கு இளைஞர்கள் குடில் அமைக்கத் தொடங்குவர். மலையும் அருவியும் வரும், காற்றாலை வரும், மின்விளக்கில் ஓடும் தொடர்வண்டியும், ஆண்டுக்கு ஆண்டு பெருகும் ஆட்டு மந்தையும் வரும். பெத்லகேமில் தொடர்வண்டி ஓடியதா என்று யாரும் கேட்பதில்லை. எனவே ஒரு மூலையில், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெந்நீர்ப் பானையருகே குந்தியிருக்கும் ஒரு கிழவியின் மண்பொம்மையை வைத்தால் இடம் ஒன்றும் குறைந்துவிடாது. எரோணிமுஸ் மறுத்தாரே என்று யாரேனும் கேட்டால், தொடர்வண்டியைக் காட்டுங்கள்.